கையசைக்கும் மாதேஸ்வரன்

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குப் பஸ்ஸில் போகிறவர்களில் பாதிப் பேருக்கு மாதேஸ்வரனைத் தெரியும். ராசிபுரம் பிரிவு தாண்டியதும் ஒரு விளம்பரப் பலகையில் இரண்டு ஆள் உயரத்துக்கு நிற்பார். வலது கையைத் தூக்கி அசைத்துக்கொண்டிருப்பார். வாய் ஒரு பக்கமாகச் சிரிக்கும். கீழே ‘மறந்தாலும் மகிழ்வோம் – ஏற்பகம், சேலம்’ என்று எழுதியிருக்கும். மனுசன் எவ்வளவு நிம்மதியாக இருக்கிறார் பார் என்று ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் பேசிக்கொள்வார்கள்.

அந்தப் படம் எடுத்தபோது அவர் சிரிக்கவும் இல்லை, யாருக்கும் கையசைக்கவும் இல்லை. அது அவர் மனைவி ஜோதிக்குத் தெரியும். அவள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க ஓர் ஆள் கிடைப்பதற்குள் முக்கால் வருஷம் ஓடிவிட்டது.

மாதேஸ்வரன் நாமக்கல்லில் லாரிகளுக்கு வயரிங் செய்யும் பட்டறை வைத்திருந்தார். பாடி கட்டி முடித்த வண்டி அவரிடம் ஊமையாக வரும். விளக்கும் ஹாரனும் பொருத்தி அனுப்புவார். எந்த வயர் எங்கே போகிறது என்று அவர் தாளைப் பார்த்து யாரும் பார்த்ததில்லை. வயது ஐம்பத்திரண்டு. சர்க்கரை இல்லை, கொதிப்பு இல்லை, கோபம் மட்டும் கொஞ்சம் உண்டு.

போன ஐப்பசியில் ஒரு வண்டி திரும்பி வந்தது. பிரேக்கை மிதித்தால் ஹாரன் அடிக்கிறது என்றார் டிரைவர். ஓசூர் வரைக்கும் ஒவ்வொரு வேகத்தடையிலும் ஹாரன் அடித்துக்கொண்டே போய், ஒவ்வொரு ஊரிலும் திட்டு வாங்கியிருக்கிறார். பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள், மாதேஸ்வரனும் சிரித்தார். அடுத்த வண்டியில் இடதுபக்க இண்டிகேட்டரைப் போட்டால் வைப்பர் ஓடியது. அப்போதும் சிரித்தார்கள். அதற்கடுத்த வண்டியில் அவர் கையில் வயரைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். “இது என்னதுங்க?” என்று வண்டிக்காரரிடமே கேட்டார். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

ஜோதிக்கு இதற்கு முன்பே ஒன்று கண்ணில் பட்டிருந்தது. சோறு பிசைந்துகொண்டிருக்கும்போது, சட்டைப் பித்தான் போடும்போது, சும்மா பேசிக்கொண்டிருக்கும்போதுகூட அவருடைய வலது கன்னம் சுருக்கென்று ஒரு பக்கமாக இழுக்கும். அதோடு வலது கை மேலே ஒரு வெட்டு வெட்டும். என்ன என்று கேட்பதற்குள் முடிந்துவிடும். கொஞ்சம் கழித்து மறுபடி வரும். டம்ளர் விழும், சோறு சுவரில் தெறிக்கும்.

“ஏனுங்க, கை என்னத்துக்கு இப்புடி வெட்டுது?”

“வயரை இழுத்து இழுத்து நரம்பு புடிச்சிருக்கும் புள்ள. உடு.”

அவள் விடவில்லை. அவருக்குத் தெரியாமல் செல்போனில் அதை வீடியோப் படமாக எடுத்து வைத்தாள். அப்புறம் சேலத்தில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். அங்கே நரம்பு டாக்டரின் அறைக்குள் இருந்த நேரத்தைவிட வாசலில் செருப்பைக் கழற்றி மாட்டிய நேரம் அதிகம். டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் ஒரு முறை காட்டினார்.

“பெருசா ஒண்ணும் இல்லம்மா. வயசாகுதுல்ல, மறதி நோய். ரத்தத்துல உப்பு கம்மியா இருக்கு, ஊறுகாய் சேத்துக்கச் சொல்லுங்க.”

“கை வெட்டுதுங்க சார். போன்ல எடுத்து வெச்சிருக்கறனுங்க, சித்த பாத்தீங்கன்னா…”

“அதெல்லாம் வெளிய ஏற்பகம் கவுண்டர்ல சொல்லுங்க. அவங்க பாத்துக்குவாங்க.”

ஏற்பகத்தின் கவுண்டர் மருந்துக்கடைக்குப் பக்கத்திலேயே இருந்தது. பெயர் எழுதிக்கொண்டார்கள். ஒரு ஊறுகாய்ப் பாட்டிலும் கொடுத்தார்கள். அதிலும் ஏற்பகத்தின் முத்திரை இருந்தது.

நோயைக் குணப்படுத்துகிறோம் என்று சொல்லும் இடங்கள் இந்தப் பக்கத்தில் தெருவுக்குத் தெரு உண்டு. நோயை ஒத்துக்கொள்ள வைக்கும் இடம் ஏற்பகம் ஒன்றுதான். அதன் நிறுவனர் அங்கமுத்து. முட்டை ஏற்றுமதியில் பெரிதாக நஷ்டப்பட்டு, அந்த நஷ்டத்தை ஏற்றுக்கொண்ட அனுபவத்தில் இந்தத் துறைக்கு வந்தவர். மறதி வந்த வீடுகளில் நோயாளி அமைதியாகத்தான் இருக்கிறார், வீட்டில் உள்ளவர்கள்தான் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்று அவர் கண்டுபிடித்திருந்தார். ஆகவே வைத்தியம் வீட்டில் உள்ளவர்களுக்கு.

வாசலில் ஒரு மூங்கில் கூடை இருந்தது. ‘கைப்பேசியையும் கேள்விகளையும் இங்கே விட்டுச் செல்லவும்’ என்று மேலே எழுதியிருந்தது. போன் நினைவுக்குப் பகை என்பது ஏற்பகத்தின் கொள்கை. ஜோதி ஒவ்வொரு வாரமும் மாதேஸ்வரனையும் கூட்டிக்கொண்டு, அந்தப் போனையும் கொண்டு போனாள். ஒவ்வொரு வாரமும் அது கூடைக்குள் போனது. மாதேஸ்வரனின் கை வெட்டுகிற படம் அந்தக் கூடையில் மற்றப் போன்களுக்கு அடியில் கிடந்துவிட்டு அவளோடு வீட்டுக்குத் திரும்பியது.

வகுப்பு எடுத்தவள் யாழினி. சின்னப் பெண், நல்ல குரல். யாருக்கும் கெடுதல் நினைக்காதவள், அதுதான் கஷ்டம். வகுப்பில் சேர்ந்தவர்கள் மணிக்கட்டில் கயிறு கட்டிக்கொள்ள வேண்டும். நோயை மறுக்கிறவர்களுக்குச் சிவப்பு, தளர்ந்தவர்களுக்கு மஞ்சள், முழுவதும் ஏற்றுக்கொண்டவர்களுக்கு வெள்ளை. வெண்ணந்தூர்க்காரர் ஒருவர் தன் அப்பாவை முதல் வகுப்பிலேயே ஏற்றுக்கொண்டு வெள்ளைக் கயிற்றோடு போனார். அவர் அப்பாவுக்குக் காது மட்டும்தான் கேட்கவில்லை என்று பிறகு தெரிந்தது. அதற்குள் கயிறு கட்டியாகிவிட்டதால் அப்படியே விட்டுவிட்டார்கள்.

ஜோதி சிவப்பிலேயே இருந்தாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் போனார்கள். படிக்காத பிள்ளையைப் போல அவளை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள்.

“மறதி வந்தா வரட்டுமுங்க. இந்தக் கை வெட்டறது என்னன்னு ஒரு டாக்டர் பாத்தாத் தேவலைங்க. மறதிக்கு முந்தியே இது வந்துருச்சுங்க.”

“அக்கா, அதை நாங்க விடைபெறும் அசைவுன்னு சொல்றோம்,” என்றாள் யாழினி. “நினைவு ஒவ்வொண்ணா கிளம்பிப் போகுது. போறப்ப கை காட்டிட்டுப் போகுது. நீங்களும் திருப்பிக் காட்டுங்க. அவருக்கு ஆறுதலா இருக்கும்.”

அன்றிலிருந்து ஏற்பகத்தில் மாதேஸ்வரனின் கை வெட்டும்போதெல்லாம் எல்லோரும் பதிலுக்குக் கையசைத்தார்கள். வாட்ச்மேன் அசைத்தார். கூட்டுகிற அம்மா துடைப்பத்தோடு அசைத்தார். மற்ற நோயாளிகளுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். அங்கமுத்து ஒரு நாள் மாடியிலிருந்து இதைப் பார்த்துவிட்டு போட்டோகிராபரைக் கூப்பிட்டு அனுப்பினார். போட்டோகிராபர் காத்திருக்க வேண்டியதே இல்லை. கேமராவைத் தூக்கியதும் கன்னம் இழுத்தது, கை மேலே போனது. முதல் படம் சரியாக விழவில்லை என்று அவர் வருத்தப்படுவதற்குள் அடுத்தது வந்தது.

“மாடலுக்குக் காசு கொடுத்து எடுத்தாக்கூட இப்படி ஒரு சிரிப்பு வராது,” என்றார் அங்கமுத்து. அந்த மாதமே பலகை எழுந்தது.

இதற்கிடையில் வீடு காலியாகிக்கொண்டே வந்தது. பட்டறையை மூடியதும் லாரிக்காரர்கள் வருவதை நிறுத்தினார்கள். ஒரம்பரைச் சொந்தக்காரர்கள் முதலில் பழத்தோடு வந்தார்கள், அப்புறம் போனில் விசாரித்தார்கள், அப்புறம் பலகையைப் பார்த்துத் திருப்தி அடைந்துகொண்டார்கள். ஒரே மகள் புனேயில் இருந்தாள். ஏற்பகத்தின் வாட்ஸப் குழுவில் அவளையும் சேர்த்திருந்தார்கள். “அம்மா, நீ அக்செப்ட் பண்ணிக்கம்மா. அப்பா சந்தோசமா இருக்கார்னு எல்லாரும் சொல்றாங்க. நீதான் சண்டை போடறியாம்,” என்றாள்.

ஒரு நாள் காப்பியை ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவர் அவளிடம் மரியாதையாகக் கேட்டார்.

“ஏம்மா, எங்க ஊட்ல ஜோதின்னு ஒருத்தி இருப்பாளே, எங்க போயிட்டா? பொழுதுக்கும் ஆளையே காணமே.”

“கடைக்குப் போயிருக்குதுங்க. வந்துருமுங்க.”

“வந்தா இங்க வரச் சொல்லும்மா. அவ இல்லாம எனக்கு ஒண்ணும் ஓட மாட்டேங்குது.”

அந்த ஜோதியின்மேல் இந்த ஜோதிக்குப் பொறாமையாக இருந்தது. வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள், இரண்டு பேரும் அந்த ஜோதிக்காகவே காத்திருந்தார்கள். அவளுக்கு யாரிடமாவது இதைச் சொல்லி அழ வேண்டும்போல் இருந்தது. வழக்கமாக அவள் எதையும் சொல்லி அழுவது அவரிடம்தான்.

ஆடி பிறந்ததும் அங்கமுத்து ஒரு யோசனையோடு வந்தார். விடைகொடுப்பு விழா. ஏற்பகத்தின் நடைமுறைகளிலேயே உயர்ந்தது அது. நோயாளியை மேடையில் உட்கார வைத்துக் குடும்பமும் ஊரும் முறைப்படி விடை கொடுத்துவிடுவார்கள்.

“ஆள் இருக்கும்போதே வழியனுப்பிட்டா, அதுக்கப்புறம் ஆள் இருக்கறது உங்களுக்கு ஒரு பாரமாவே தெரியாதும்மா,” என்றார்.

ஜோதி தலையை ஆட்டவில்லை. அப்போது அவர் இன்னொன்று சொன்னார். சென்னையிலிருந்து பெரிய மூளை டாக்டர் சிறப்பு விருந்தினராக வருகிறாராம். ஜோதி சரி என்றாள். மேடையில் போன் கூடை இருக்காது என்று அவள் கணக்குப் போட்டாள். டாக்டர் இறங்கிப் போவதற்குள் அந்தப் படத்தை எப்படியாவது அவர் கண்ணில் காட்டிவிடலாம்.

விழா ராசிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். பேனர் அடிக்கிற வேலையை உள்ளூர்க் கடையில் கொடுத்திருந்தார்கள். ஒருவரின் பெரிய படம், கீழே ‘விடை கொடுக்கிறோம்’ என்ற வாசகம் என்று சொன்னதும் கடைக்காரர் வேறு எதுவும் கேட்கவில்லை. இந்தப் பக்கத்தில் அப்படிப்பட்ட பேனரை ஒரே ஒரு காரியத்துக்குத்தான் அடிப்பார்கள். சுற்றிலும் கறுப்புக் கரை போட்டார், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்தார், படத்துக்கு மாலையும் போட்டார். காலையிலேயே அதைப் படம் பிடித்து யாரோ வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார்கள். இறந்தவர் கையசைத்துச் சிரித்துக்கொண்டிருந்ததால் கஷ்டப்படாமல் போயிருக்கிறார் என்று ஊர் முடிவு செய்தது.

பத்து மணிக்கெல்லாம் மண்டப வாசலில் ஆட்கள் மாலையோடு வந்து இறங்கினார்கள். பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வந்தார்கள். உள்ளே மாதேஸ்வரன் மேடையில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள், கையிலிருந்த மாலையைப் பார்த்தார்கள். எழவுக்கு வாங்கிய மாலையை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு போகக் கூடாது. ஏற்பகத்துத் தொண்டர்கள் அவர்களை அழகாக வரிசையில் நிறுத்தினார்கள். ஒவ்வொருவராக வந்து மாலையைப் போட்டுவிட்டு, அவர் நலமாக இருக்கிறாரா என்றும் விசாரித்துவிட்டுப் பந்திக்குப் போனார்கள். மாலைகள் கழுத்தை மூடி வாய் வரைக்கும் வந்துவிட்டதால் மேலே இரண்டு மாலைகளை மட்டும் எடுத்து வைத்தார்கள்.

சென்னை டாக்டர் வரவில்லை. அவருக்கு அவசர வேலையாம். அவருடைய நாற்காலியில் விழாச் செலவை ஏற்றுக்கொண்ட மெத்தைக் கடை முதலாளி உட்கார்ந்திருந்தார். ஜோதி போனை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அங்கமுத்து மைக்கைப் பிடித்தார்.

“பெரியோர்களே, தாய்மார்களே. மாதேஸ்வரன் அவர்கள் இன்று நம்மிடையே இல்லை. ஆனால் நன்றாகச் சாப்பிடுகிறார். இதுதான் ஏற்பகத்தின் சாதனை. ஒரு நோயாளிக்கு என்ன நோய் என்று தேடுவதில் எத்தனை குடும்பங்கள் நிம்மதியை இழந்திருக்கின்றன! நாங்கள் தேடுவதே இல்லை. தேடினால்தானே கிடைக்குமோ என்ற கவலை வரும்? எங்களிடம் வந்த ஒருவர்கூட இதுவரை குணமாகி எங்கள் கணிப்பைப் பொய்யாக்கியதில்லை. இந்த நம்பகத்தன்மை எந்த ஆஸ்பத்திரியிலாவது உண்டா? மெத்தை முதலாளி அவர்களை நான் கேட்டுக்கொள்கிறேன், கைதட்டுங்கள்.”

மெத்தை முதலாளி கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். மாதேஸ்வரனின் கன்னம் இழுத்தது, மாலைகளுக்குள்ளிருந்து கை மேலே வந்து போனது. கூட்டம் மொத்தமும் திருப்பிக் கையசைத்தது. பின்வரிசையில் சிலர் அழுதார்கள்.

அப்போதுதான் ஜோதியின் அண்ணன் கந்தன் இளம்பிள்ளையிலிருந்து வந்து சேர்ந்தார். அங்கே புடவை வியாபாரம் செய்கிறவர். பேனர் படம் போனில் வந்ததும் வேனை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார். கையில் ஒரு துணிப்பை இருந்தது. கணவனை இழந்த தங்கைக்குப் பிறந்தவீட்டிலிருந்து எடுத்துப் போக வேண்டிய கோடிச் சேலை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடை வரைக்கும் வந்தவர் நிமிர்ந்து பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

“அம்மிணி,” என்றார். “மாப்ள உசுரோட உக்காந்திருக்கறாரு.”

தொண்டர்கள் பையைப் பார்த்தார்கள். யாழினி போய் அங்கமுத்துவின் காதில் ஏதோ சொன்னாள். அங்கமுத்துவின் முகம் மலர்ந்துவிட்டது.

“அருமை. எவ்வளவு அருமையான சடங்கு! இதை நாம் நிகழ்ச்சியில் சேர்க்காமல் விட்டுவிட்டோமே. ஐயா, மேலே வாருங்கள். தட்டில் வைத்து முறைப்படி கொடுங்கள். போட்டோகிராபர், இந்தப் பக்கம்.”

“அவரு இருக்கறாருங்களே…”

“இருக்கிறார். அதை ஏற்பகம் மறுக்கவில்லை. கொடுங்கள்.”

மைக்கில் சொன்னால் எதையும் செய்துவிடுகிற நல்ல மனிதர் கந்தன். யாரோ அவர் கையில் தட்டைத் திணித்தார்கள். சேலையைத் தட்டில் வைத்துக்கொண்டு, தங்கையின் முகத்தைப் பார்க்க மாட்டாமல் தரையைப் பார்த்தபடி நீட்டினார். ஜோதி தன் முன்னால் நீண்டிருந்த சேலையைப் பார்த்தாள்.

மாதேஸ்வரனின் கை வெட்டியது. அது தட்டைத் தட்டிவிட, சேலை கீழே விழுந்தது. அவர் குனிந்து பார்த்தார். கோடிச் சேலை என்பது அவருக்குப் புரிந்தது. அது மறந்துபோகிற சமாசாரம் இல்லை. கந்தனைப் பார்த்துக் கவலையாகக் கேட்டார்.

“ஏ மச்சா, யாரு செத்துப் போனது?”

அங்கமுத்து மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

“யாரும் சாவலீங்க,” என்றாள் ஜோதி. “எந்திரிங்க, போலாம்.”

அவர் கையைப் பிடித்துத் தூக்கினாள். சேலை காலடியில் கிடந்தது, அதைத் தாண்டிப் போனாள். அங்கமுத்து, “அம்மா, நன்றியுரை இருக்கிறது,” என்றார். யாழினி கை காட்டிக்கொண்டே பின்னால் ஓடி வந்தாள். கந்தன் வேனை எடுத்தார். “எங்க அம்மிணி போறது?” என்றார். “கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு உடுங்கண்ணா. இவங்க கவுண்டர் இல்லாத எடத்துக்கு உடுங்க,” என்றாள்.

சேலம் அரசு ஆஸ்பத்திரியில் பணியில் இருந்தது ஓர் இளம் பெண் டாக்டர். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காத முகம். ஒரு மாலையை மட்டும் கழற்ற மறந்து கூட்டி வந்திருந்தார்கள்.

“என்னம்மா இது, மாலையோட கூட்டிட்டு வந்திருக்கீங்க?”

“விடை குடுத்துட்டாங்கம்மா. எனக்குத்தான் மனசு வரலீங்க,” என்று சொல்லிவிட்டு ஜோதி போனை நீட்டினாள். “இதைச் சித்த பாருங்கம்மா. கை வெட்டுதுங்க. ஐப்பசிக்கு முந்தியே புடிச்சு வெட்டுதுங்க.”

டாக்டர் பார்த்தார். மறுபடி போட்டுப் பார்த்தார். அதற்குள் கட்டிலில் உட்கார்ந்திருந்த மாதேஸ்வரனின் கன்னம் இழுத்துக் கை வெட்டியது. டாக்டர் போனை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் ஜோதி பக்கம் திரும்பினார்.

“இவர் அந்த போர்டுல இருக்கறவர்தானே? நான் தினமும் நாமக்கல்லுக்கு பஸ்ல திரும்பறப்ப பாக்கறேன்மா. சிரிக்கறார்னு நினைச்சேன்.”

அதை அவர் வெட்கத்தோடு சொன்னார். அந்த ஒரு காரணத்துக்காகவே ஜோதிக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

பெரிய டாக்டரை வரவழைத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், முதுகில் நீர் எடுத்தார்கள், மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். உப்பு இன்னும் குறைவாகத்தான் இருந்தது. எத்தனை ஊறுகாய் தின்றும் அது ஏறவில்லை. அது ஊறுகாயில் ஏறுகிற உப்பு இல்லை, நோயே அதைக் குறைக்கிறது என்றார்கள். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தவறிப்போய் மூளையைத் தாக்குகிறது, மூளையில் வீக்கம் வந்திருக்கிறது, கை வெட்டுவதும் மறதியும் அதனால்தான் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். ஒரு சோதனையின் முடிவு வெளியூரிலிருந்து வர நாளாகும். அதற்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்கினார்கள்.

“மருந்து இருக்குதுங்களா?” என்று கேட்டாள் ஜோதி. இத்தனை நாளும் அவள் கேட்க நினைத்திருந்த ஒரே கேள்வி அதுதான்.

“இருக்கும்மா. மறதின்னு வர்றவங்க எல்லாருக்கும் இது இருக்காது. ஆனா இருக்கான்னு பாத்துட்டுத்தான் இல்லைன்னு சொல்லணும். இன்னும் முன்னாடியே வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்.”

ஜோதி தன் சிவப்புக் கயிற்றைப் பார்த்துக்கொண்டாள்.

முதலில் கை வெட்டுவது நின்றது. சாப்பிடும்போது அது எப்போது வரும் என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள், வரவில்லை. பிறகு தூக்கம் வந்தது. ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வைத்தியமும் நடந்தது. ஒரு நாள் காலையில் அவள் வார்டில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் குரல் வந்தது.

“ஜோதி, பட்டறைச் சாவி யாருகிட்டப் புள்ள இருக்குது?”

அவள் திரும்பாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். திரும்பினால் பொய்யாகிவிடுமோ என்று பயமாக இருந்தது. அவர் இன்னொரு தடவை கூப்பிட்ட பிறகுதான் திரும்பினாள்.

எல்லாம் வந்துவிடவில்லை. புதிதாகச் சொல்கிற பெயர்கள் கொஞ்சம் நழுவின. பட்டறையில் இப்போது தாளைப் பார்த்து வயரிங் செய்கிறார். நோய் முற்றியிருந்த அந்த மாதங்கள் மட்டும் திரும்பி வரவே வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது அவருக்குள் பதியவே இல்லையாம்.

வீடு திரும்பிக் கொஞ்ச நாளில் அங்கமுத்துவும் யாழினியும் வந்தார்கள். ஆப்பிளும் விழா ஆல்பமும் கொண்டுவந்திருந்தார்கள். மாதேஸ்வரன் அவர்களைத் தெரியாமல், தெரியாதவர்களுக்குச் செய்கிற மரியாதையோடு உட்காரச் சொன்னார்.

“நீங்கள் தேறியதில் ஏற்பகத்துக்கு மகிழ்ச்சி,” என்றார் அங்கமுத்து. “ஆனால் ஒரு சின்னச் சங்கடம். நீங்கள் இப்படி நடமாடுவது மற்றக் குடும்பங்களின் அமைதியைக் கெடுக்கிறது. நேற்று இரண்டு வெள்ளைக் கயிறு சிவப்புக்குத் திரும்பிவிட்டது. கொஞ்ச நாளைக்கு வெளியே தலைகாட்டாமல் இருந்தால் பெரிய உதவி.”

“அவங்களையும் கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிப் பாக்கச் சொல்லுங்க,” என்றாள் ஜோதி. “ஒருத்தருக்காச்சும் இருக்குமில்லீங்க?”

“அம்மா, ஒருவருக்கு மருந்து இருக்கிறது என்று சொன்னால், மற்ற அத்தனை பேருக்கும் நம்பிக்கை வந்துவிடும். அதற்கு எங்களிடம் வகுப்பு இல்லை.”

யாழினி கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கமுத்து மாதேஸ்வரனிடம் திரும்பினார்.

“ஆண்டு விழாவில் மட்டும் ஒரு முறை வந்து கையசைத்துவிட்டுப் போங்கள் ஐயா. போர்டில் அசைப்பீர்களே, அதே மாதிரி.”

“நானுங்களா? எனக்கு அப்புடி ஒண்ணும் ஞாபகமே இல்லீங்களே.”

அங்கமுத்து நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். “பார்த்தாயா யாழினி? ஞாபகம் இல்லை என்கிறார். நாம் சொன்ன மறதி இன்னும் இருக்கிறது. எழுதிக்கொள்.”

அவர் மிகுந்த மனநிறைவோடு விடைபெற்றுப் போனார். யாழினி வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து, ஜோதியிடம் மெதுவாக, “அந்த ஆஸ்பத்திரியில எந்த வார்டுக்கா?” என்று கேட்டாள். ஜோதி சொன்னாள்.

ஆல்பம் கட்டிலில் கிடந்தது. சாயங்காலம் மாதேஸ்வரன் அதை எடுத்து மடியில் வைத்துப் புரட்டினார். மாலையோடு நிற்கிறவர்களை ஒவ்வொருவராகக் காட்டி யார் யார் என்று கேட்டார். அவள் சொன்னாள். மெத்தை முதலாளியைக் காட்டினார், அதற்கும் சொன்னாள். ஒரு பக்கத்தில் மேடை முழுவதும் வருகிற படம். நடுவில் மாலைக் குவியலாக ஒரு மனிதன், எங்கோ பார்த்துக்கொண்டு. பக்கத்து நாற்காலியில் ஜோதி, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு. மாதேஸ்வரன் வெகுநேரம் பார்த்தார். பிறகு அவள் முகத்தின்மேல் விரலை வைத்தார்.

“இத்தனை கூட்டத்துல நீ ஒருத்தியா உக்காந்திருக்கறயே. உங்கூட யாருமே இல்லையா புள்ள?”

அவர் விரலுக்குப் பக்கத்திலேயே அவர்தான் உட்கார்ந்திருந்தார். நீங்கதானுங்க இருந்தீங்க என்று சொல்ல வாயெடுத்தாள். பக்கத்தில்தான் இருக்கிறார் என்று முக்கால் வருஷமாகக் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி அவளுக்குச் சலித்துப்போயிருந்தது.

“இல்லீங்க,” என்றாள். “யாருமே இல்லீங்க.”

சொன்ன பிறகு அவளால் அடக்க முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எதற்காக அழுகிறாள் என்பது முழுவதும் அவருக்குத் தெரிய வழியில்லை. ஆல்பத்தை மூடித் தள்ளி வைத்துவிட்டு நகர்ந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அப்பெல்லாம் நேரத்துக்குச் சோறு தின்னயா நீயி?” என்று கேட்டார்.